டயர் தேயாத வண்டி

எஞ்சின் இல்லாமல், மேலெழும் காற்றை மட்டும் நம்பிப் பறக்கும் கிளைடருக்கு ஓடுபாதை இல்லாவிட்டாலும் ஒரு புல்வெளி போதும். டிரெய்லர் இல்லாவிட்டால் அதற்குக் கதியில்லை. 15 மீட்டர் விரியும் இறக்கைகளை இரண்டாகக் கழற்றி, உடல் ஓர் ஓரம், இறக்கைகள் இரு பக்கம், வால் தகடு தனியாக என்று அடுக்கி, ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள பெட்டிக்குள் பூட்டி, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவார்கள். அந்தப் பெட்டியின் உடலும் மூடியும் அலுமினியமாக இருக்கவேண்டுமா, ஃபைபர் கிளாஸாக இருக்கவேண்டுமா என்பது கிளைடர்காரர்களிடையே பல பத்தாண்டுகளாகத் தீராத வழக்கு. எது எடை குறைவு, எது துருப்பிடிக்காது, எதைச் சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று இரண்டு பொருட்களின் குணங்களையும் எதிரெதிரே நிறுத்தித்தான் வழக்கமாக வாதாடுவார்கள். இந்த வண்டியின் நூறாண்டுக் கதையைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. பெட்டி எதனால் ஆகவேண்டும் என்பதை, அது சாலையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது, ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற கணக்கே பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறது. ஓடுகிற வண்டிக்குக் கேட்ட கேள்விகள் வேறு. நிற்கிற வண்டிக்குக் கேட்கிற கேள்விகள் வேறு.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியின் எஞ்சின் விமானங்களுக்கு 1919ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை கடிவாளம் போட்டது. பறக்கும் ஆசை எஞ்சின் இல்லாத வழியைத் தேடியது. 1920இல் ஆஸ்கர் உர்சினுஸ் என்ற பத்திரிகையாசிரியர், ரோன் மலைத்தொடரில் சுமார் 950 மீட்டர் உயரமுள்ள வாசர்குப்பே குன்றில் முதல் போட்டியைக் கூட்டினார். அந்த ஆரம்ப நாட்களில் பறத்தல் என்பது குன்றின் உச்சியிலிருந்து சரிவில் இறங்குவது. அளவு நொடிகளிலும் நிமிடங்களிலும்தான். கிளைடர் கீழே உட்கார்ந்ததும் மறுபடி மேலே இழுத்துச் செல்ல வேண்டும், அவ்வளவே. கண்ணுக்கெட்டிய தூரத்தில் இறங்கும் ஒன்றுக்கு நெடுஞ்சாலை வண்டி எதற்கு? 1922இல் ஆர்தர் மார்டன்ஸ் வாம்பியர் என்ற கிளைடரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காற்றில் நின்றபோதுகூட, குன்றின் மீது மோதி மேலெழும் காற்றை விட்டு அவர் வெகுதூரம் போகவில்லை. தூரம் கூடியபோதுதான் சிக்கல் வந்தது. 1926இல் மாக்ஸ் கேகல் ஓர் இடிமேகத்தில் மாட்டிக்கொண்டு 55 கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்கினார். 1929இல் ராபர்ட் க்ரோன்ஃபெல்ட் 100 கிலோமீட்டரைத் தாண்டினார். 1935 ரோன் போட்டியில் ஒரே நாளில் நான்கு கிளைடர்கள் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் பறந்து செக்கோஸ்லோவாக்கியாவின் பர்னோ நகரை எட்டின. காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும். திரும்பக் கொண்டுவந்து விடாது. பறந்த ஒவ்வொரு கிலோமீட்டரும் தரையில் ஒரு கிலோமீட்டர் கடனாக எழுதப்பட்டது. அந்தக் கடனை அடைக்கப் பிறந்ததுதான் டிரெய்லர்.

இப்படிப் பிறந்த வண்டியின் வேலை, அடிபட்டவரை எடுத்துவரும் ஆம்புலன்ஸின் வேலையைப் போன்றது. விமானி யாரோ ஒரு விவசாயியின் வயலில் இறங்குவார். தொலைபேசியோ தபால் நிலையமோ இருக்கும் இடத்துக்கு நடந்து போய்த் தகவல் அனுப்புவார். துணைக்குழு டிரெய்லரை இழுத்துக்கொண்டு இரவோடு இரவாகப் புறப்படும். 1930களின் கார்களுக்கு இழுவலு குறைவு. ஆகவே வண்டிக்கு முதல் தகுதி எடைக் குறைவு. மரச்சட்டம், அதன்மேல் பிளைவுட் அல்லது கேன்வாஸ் துணி என்றுதான் பலரும் கட்டினார்கள். கிளைடரும் அதே பொருட்களால் ஆனது: பிர்ச் மரத்தின் மெல்லிய ஒட்டுப்பலகை, துணி, பசை. கிளைடரைக் கட்டிய தச்சரே வண்டியையும் கட்டினார். மழையில் ஊறிய பிளைவுட் விளிம்பு பிரிந்து இலையிலையாக வரும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் போட்டி முடிந்ததும் கிளைடர் கொட்டகைக்குப் போய்விடும். வண்டி வெயிலில் கிடந்தாலும் உள்ளே எதுவும் இல்லை. வண்டி நனைவது வண்டியின் பாடு. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது விளங்கும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜெர்மானியர் கிளைடர் பறக்கவிடுவதற்கு நேச நாடுகள் விதித்த தடை 1951 வரை நீடித்தது. அதற்குள் இந்த விளையாட்டு மற்ற நாடுகளில் வேர் விட்டுவிட்டது. திரும்பி வரும் கவலையின்றி எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் பறப்பது, அதாவது கட்டற்ற தூரப் பந்தயம், வெகுகாலம் இதன் பெருமைக்குரிய வடிவமாக இருந்தது. 1964 ஜூலை 31 அன்று ஆல் பார்க்கர் டெக்சாஸின் ஒடெசாவிலிருந்து நெப்ராஸ்காவின் கிம்பல் வரை பறந்து, 1,000 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் கிளைடர் விமானி ஆனார். 1972 ஏப்ரல் 25 அன்று ஹான்ஸ் வெர்னர் க்ரோஸே வடஜெர்மனியின் லூபெக்கிலிருந்து பிரான்ஸின் தென்மேற்குக் கடலோரத்திலுள்ள பியாரிட்ஸ் வரை 1,460 கிலோமீட்டர் பறந்தார். இத்தகைய பறத்தல்கள் நடக்கும் காலத்தில் டிரெய்லர் முழுக்க முழுக்கச் சாலையின் பிள்ளை. எதிர்க்காற்றில் எவ்வளவு இழுக்கிறது, பக்கக்காற்றில் வால் ஆடுகிறதா, பள்ளத்தில் விழுந்து எழுந்தால் உள்ளே இறக்கை உராய்கிறதா என்பவைதான் கேள்விகள். இந்தக் கேள்விகளுக்கு அலுமினியம் நல்ல விடை தந்தது. அதன் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. மரம்போல் உளுக்காது. தகட்டை வெட்ட, மடிக்க, ரிவெட் அடிக்க எந்த ஊர் ஒர்க் ஷாப்பிலும் ஆள் உண்டு. நடுவழியில் கிழிந்தாலும் ஒரு துண்டுத் தகட்டை மேலே வைத்து அடித்துவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். அமெரிக்காவில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. எல்மைராவின் ஷ்வைசர் நிறுவனம் உலோகக் கிளைடர்களைக் கட்டியது. ஓஹையோவின் ரிச்சர்ட் ஷ்ரெடர் வடிவமைத்த எச்பி வரிசைக் கிளைடர்களைப் பலர் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே அலுமினியத் தகட்டால் கட்டிக்கொண்டார்கள். கிளைடருக்கே ரிவெட் அடிக்கத் தெரிந்த கைக்கு அதன் பெட்டி ஒரு பொருட்டா?

அலுமினியப் பெட்டியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அடிச்சட்டம் துத்தநாகம் பூசிய இரும்பு. மேலே அலுமினியத் தகடு. இந்த இரண்டும் வெயிலில் ஒரே அளவில் நீளுவதில்லை. 8 மீட்டர் அலுமினியம், வெப்பம் 40 டிகிரி கூடினால் 7 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதே நீள இரும்பு 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நீளும். மிஞ்சும் வித்தியாசம் ஒவ்வொரு நாளும் நண்பகலில் ஒரு பக்கமும் நள்ளிரவில் மறுபக்கமும் ரிவெட்டுகளை இழுக்கிறது. ஓட்டை மெல்ல முட்டை வடிவாகும். அங்கே நீர் இறங்கும். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம்தான் அரிபடும். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடியாகப் பூக்கும். சாலையில் ஓடும் வண்டிக்கு இவையெல்லாம் ஆண்டுக்கொருமுறை பார்க்கும் சில்லறை வேலைகள். கிளைடர் உள்ளே இருப்பது சில மணி நேரம். அதற்குள் ரிவெட் ஓட்டை வழியே எவ்வளவு நீர் வந்துவிடும்?

இதற்கிடையில் கிளைடரே மாறிவிட்டது. 1957 நவம்பர் 27 அன்று ஸ்டுட்கார்ட்டில் உருவான ஃபீனிக்ஸ் என்ற கிளைடர் பறந்தது; ஃபைபர் கிளாஸால் கட்டப்பட்ட முதல் கிளைடர் அதுதான். நம் கடற்கரைகளில் ஃபைபர் படகு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதன் சகோதரன் கண்ணாடியிழை என்ற இந்தப் பொருள்: கண்ணாடியை நூலாக இழுத்து, பாயாகவோ துணியாகவோ ஆக்கி, அச்சுக்குள் அடுக்கி, ரெசின் ஊற்றி இறுகவிடுவது. 1964இல் லிபெல்லே வந்தது. தொடர்ந்து வந்த ஸ்டாண்டர்ட் லிபெல்லே சுமார் 600 கட்டப்பட்டது. இங்கே இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு முதல் மறுப்பு எழும். கிளைடர் ஃபைபர் கிளாஸாக மாறியதால் டிரெய்லரும் மாறியது. தெரிந்த பொருளில் கை பழகியவர்கள் அதையே எங்கும் பயன்படுத்தினார்கள். தச்சர் மரப்பெட்டி கட்டியதைப் போலத்தானே இதுவும்? கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்கள் இடிக்கின்றன. கண்ணாடியிழைக் கிளைடர்கள் வந்த பிறகும் அவற்றில் பல மரப்பெட்டிகளிலும் அலுமினியப் பெட்டிகளிலுமே ஊர் சுற்றின. பொருள் பழக்கமே காரணமென்றால் இந்தத் தாமதத்துக்கு இடமில்லை. அடுத்தது, உலோகக் கிளைடர் வைத்திருந்தவர்களும் பிற்காலத்தில் கண்ணாடியிழை மூடியைத் தேடியதுண்டு. அவர்களைத் தள்ளியது பழக்கமாக இருக்க முடியாது.

கண்ணாடியிழைக் கிளைடர் டிரெய்லரை மாற்றியது உண்மை. ஆனால் அது சுற்றுவழியில் நடந்தது. 1950களின் புகழ்பெற்ற மரக் கிளைடரான கேஏ 6, ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழப்பதற்குள் சுமார் 30 கிலோமீட்டர் நழுவும். ஸ்டாண்டர்ட் லிபெல்லே 38 அளவுக்குப் போகும். க்ரோஸே பியாரிட்ஸுக்கு ஓட்டிச் சென்ற ஏஎஸ்டபிள்யூ 12 வகை 47 அளவை எட்டியது. நழுவும் தூரம் கூடக்கூட, ஒரு வெப்பக் காற்றை விட்டு அடுத்ததைத் தேடிப் பிடிப்பது எளிதானது; எதிர்க்காற்றில் திரும்பிப் பறக்கவும் முடிந்தது. போட்டிகளும் சாதனைகளும் முக்கோணப் பாதைக்கும் போய்வரும் பாதைக்கும் மெல்லச் சாய்ந்தன. 1977இல் கார்ல் ஸ்ட்ரீடிக் பென்சில்வேனியாவின் மலைத்தொடரைப் பிடித்துப் போய்த் திரும்பி 1,600 கிலோமீட்டரைத் தாண்டியபோது, பியாரிட்ஸைவிட நீண்ட ஒரு பயணம் புறப்பட்ட இடத்திலேயே முடிந்தது. அதே 1970களின் பிற்பாதியில் ஃபின்லாந்தின் பிக் 20இ போன்றவை உடலுக்குள் மடங்கும் சிறு எஞ்சினோடு வந்தன. காற்று கைவிட்டால் எஞ்சினை உயர்த்தி வீடு திரும்பலாம். தரையில் எழுதப்பட்ட அந்தப் பழைய கடன் வானத்திலேயே அடைபட்டது. கிளைடர் நல்லதாக ஆக, அதை எடுத்துவரப் பிறந்த வண்டிக்கு வேலை குறைந்தது.

வேலை குறைந்த வண்டி ஒழிந்து போகவில்லை, வீடாக மாறியது. 15 மீட்டர் இறக்கையை விரித்தபடி ஒரு கிளைடரை வைக்கத் தேவையான கொட்டகை இடம் விலை உயர்ந்தது. கழற்றி டிரெய்லரில் வைத்தால் ஒரு நீளக் கார் நிறுத்தும் இடம் போதும். கழற்றுவதும் எளிதாகிவிட்டது: மூடியை வாயு நிரப்பிய தண்டுகள் தூக்கிப் பிடிக்கும், உடலைத் தண்டவாளத்தில் உருட்டி உள்ளே தள்ளலாம், இறக்கையின் வேர்ப்பகுதி சிறு சக்கரவண்டியில் உட்காரும், நுனியை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். ஐந்தாறு பேர் செய்த வேலையை இரண்டு பேர் முடிக்கிறார்கள். விளைவாக, கிளைடர் வாழ்நாளின் பெரும்பகுதியை வெட்டவெளியில் நிற்கும் ஒரு பெட்டிக்குள் கழிக்கிறது. அதுவும் பெட்டியின் தட்பவெப்பத்தைப் பொறுக்காத கிளைடர். அறை வெப்பத்தில் இறுகிய ரெசின் சூடேறினால் இளகும்; பல கண்ணாடியிழைக் கிளைடர்களுக்கு 54 டிகிரி செல்சியஸ்தான் வலிமைக்கான வரம்பு. அவை எல்லாம் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் அழகல்ல, இந்த வரம்புதான். பழைய மரக் கிளைடருக்கோ ஈரம் எமன். அதன் பசை பல சமயம் கேசீன், அதாவது பாலிலிருந்து எடுத்த புரதம். ஈரம் தங்கினால் அதில் பூஞ்சை பிடித்து ஒட்டு விட்டுவிடும். முன்பு வண்டி நனைந்தால் வண்டியின் பாடு என்றிருந்தது. இப்போது வண்டி நனைந்தால் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருளின் பாடாகிவிட்டது.

கண்ணாடியிழை மூடி இந்த நிற்கும் வாழ்க்கைக்கு எப்படிப் பொருந்தியது என்பதில் ஒரு தவறான விளக்கம் பரவலாக உண்டு. அலுமினியம் வெப்பத்தைப் பல நூறு மடங்கு வேகமாகக் கடத்தும், ஆகவே ஃபைபர் பெட்டி குளுமையாக இருக்கும் என்பார்கள். பொருளளவில் அது சரி. பெட்டியளவில் அவ்வளவு சரியில்லை. மூன்று மில்லிமீட்டர் ஒற்றைத் தோல் எதனால் ஆனாலும் வெயிலைத் தடுக்கும் சுவர் அல்ல. இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே நுரைப்பொருளை வைத்துக் கட்டினால்தான் தடுப்பு என்று சொல்லத்தக்கது கிடைக்கும். வெள்ளை நிறமும் முன்பின் காற்றுப் போக்கியும் இருந்தால் அலுமினியப் பெட்டியும் ஓரளவு ஈடுகொடுக்கும். கண்ணாடியிழையின் உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. அச்சில் வார்த்த மூடி ஒரே துண்டு. ரிவெட் இல்லை, மூட்டு இல்லை, நீர் இறங்க ஓட்டை இல்லை. கூரை வளைவாக இருப்பதால் நீர் தேங்காமல் வழிந்துவிடும். துருவும் வெள்ளைப் பொடியும் கிடையாது. அதோடு கிளைடரைப் பழுது பார்க்கும் அதே துணி, ரெசின், உப்புத்தாள் கொண்டு மூடியின் விரிசலையும் அடைக்கலாம். எல்லாமே நின்றுகொண்டிருக்கும் பெட்டிக்கு வேண்டிய நற்குணங்கள். 1935இல் பர்னோவுக்கு ஓட வேண்டியிருந்த வண்டிக்கு இவற்றில் எதற்கும் பெரிய மதிப்பில்லை.

இரண்டாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. அச்சு செய்வதற்கு ஆகும் செலவை ஒரு பெட்டி ஏற்காது. நூறு பெட்டி வேண்டும். ஒரே அளவுள்ள கிளைடர்கள் நூற்றுக்கணக்கில் வந்த பிறகுதான், எல்எஸ் 4 போன்ற ஒரே வகை ஆயிரத்தைத் தாண்டிக் கட்டப்பட்ட பிறகுதான், அச்சு வார்த்த மூடி கட்டுப்படியானது. ஆகவே காரணம் உற்பத்தி எண்ணிக்கைதான், நிற்கும் நேரம் அல்ல என்று சொல்லலாம். எண்ணிக்கை கதவைத் திறந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கதவு திறந்திருப்பதால் மட்டும் யாரும் உள்ளே போவதில்லை. தகடு மடித்துக் கட்டிய பெட்டி கண் முன்னால் கிடைக்கும்போது, இன்னொரு பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்க ஒருவருக்கு ஏன் மனம் வருகிறது? உள்ளே கிடப்பது ஆண்டு முழுவதும் அங்கேயே கிடக்கப்போகிறது என்பதால்தான். விலை, எப்போது வாங்க முடிந்தது என்பதை விளக்குகிறது. எதற்காக வாங்கினார்கள் என்பதை விளக்கவில்லை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. நிற்கும் காலம் ஃபைபர் கிளாஸின் காலம் என்றால் அலுமினியம் இந்நேரம் மறைந்திருக்க வேண்டும், மறையவில்லை. மூக்கும் வாலும் கண்ணாடியிழை, நடுப்பகுதி அலுமினியம் என்ற கலப்புப் பெட்டிகளும் ஓடுகின்றன. எந்த மூடி போட்டாலும் அடியில் இருப்பது அதே துத்தநாகம் பூசிய இரும்புதான். இது என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. எல்லோருடைய டிரெய்லரும் ஒரே மாதிரி நிற்பதில்லை. மேற்கூரை உள்ள கொட்டகையில் வண்டியை நிறுத்துபவருக்கு மூட்டில்லாத மூடிக்குக் கூடுதல் பணம் தருவதில் பொருளில்லை. வாரந்தோறும் வெவ்வேறு களத்துக்கு இழுத்துப் போகிறவருக்கு, கல்லடி பட்டால் நசுங்கியபடியே வேலை செய்யும் அலுமினியம் நிம்மதி. கண்ணாடியிழை நசுங்காது, தாங்கும் அளவை மீறினால் விரிசல் விடும். வெட்டவெளியில் பத்தாண்டுகள் நிற்கும் கண்ணாடியிழைக்கும் தன் நோய்கள் உண்டு: மேற்பூச்சு வெயிலில் சுண்ணாம்பாக உதிரும், நிறமூட்டாத மெல்லிய தோல் வழியே ஒளி கசிந்து, மூடிய பெட்டிக்குள் பகலில் மங்கிய வெளிச்சம் இருக்கும், அந்த வெளிச்சமும் கிளைடரின் பூச்சுக்கு நல்லதல்ல. அலுமினியம் ஒன்றை மட்டும் குறையில்லாமல் செய்யும், இருட்டாக்கும். ஆக, இரண்டு பொருட்களும் பக்கத்துப் பக்கத்தில் உயிரோடிருப்பதற்குக் காரணம், பழைய ஓட்டமும் புதிய நிற்றலும் இன்னும் பக்கத்துப் பக்கத்தில் உயிரோடிருப்பதுதான்.

எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொருட்களைத் தட்டிப் பார்த்து விடை காண முயல்வது அதனால்தான் முடிவில்லாமல் நீள்கிறது. ஜெர்மன் சாலைச் சட்டம்கூட இந்த வண்டியின் பழைய அடையாளத்தையே இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறது: விளையாட்டுக் கருவியைச் சுமக்கும் டிரெய்லர் என்பதால் வரிவிலக்கு, அதற்கு அடையாளமாகப் பச்சை எழுத்து எண்பலகை. சட்டத்தின் கண்ணில் அது இன்றும் ஓடுகிற வண்டிதான். உண்மை நிலையைக் காட்டும் சாட்சி எண்பலகைக்குக் கீழே இருக்கிறது. முற்காலத்தில் டிரெய்லர் டயர் தேய்ந்து மாறியது. பள்ளங்கள் வழவழத்துப் போனதும் கழற்றி எறிந்தார்கள். இன்று பெரும்பாலான கிளைடர் டிரெய்லர்களின் டயர் தேய்வதேயில்லை. பள்ளம் புத்தம் புதிதாக இருக்கும். பக்கச்சுவர்தான் வெயிலிலும் நின்ற இடத்தின் பாரத்திலும் வெடித்துக் கிடக்கும். மூடியைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அந்த டயரைப் பார்த்தால் போதும். பள்ளம் தேய்ந்திருந்தால் அந்த வண்டி அலுமினியத்தோடு வாழலாம். பக்கம் வெடித்திருந்தால் அது வண்டியே இல்லை, வீடு. வீட்டுக்குக் கூரை ஒழுகக் கூடாது.